கிரஷ் குழந்தைக, ஆலைத் தொழிலாளிக, வீட்டுப் பெரியவங்க: நிமோனியா தடுப்பூசியை எந்த வரிசையில, எத்தனை இடைவெளியில போடறது?

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பின்னலாடைக் கம்பெனியில தொழிலாளர் நலப் பிரிவைப் பார்த்துக்கறேன். மழை தொடங்கறதுக்குள்ள நிமோனியா தடுப்பூசி விஷயத்தை ஒழுங்கு பண்ணிரலாம்னு பட்டியல் போட்டுட்டிருக்கேன். "எல்லாரும் போட்டுக்கங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டறது சுலபம். யாருக்கு எது, எந்தத் தேதின்னு எழுதப் போனாத்தான் சிக்கல் தெரியுது.

எங்க கிரஷ்ல (தொழிலாளிகளோட குழந்தைகளைப் பார்த்துக்கற காப்பகம்) இருக்கற பாதிக் குழந்தைக உள்ளூர், மீதி பீகார், ஒடிசாவுல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக. மூணு மாதிரி கேஸ் சொல்றேன். நாலு மாசக் குழந்தை ஒண்ணு. ஒண்ணரை மாசத்துல பீகார்ல ஊசி போட்டாச்சுன்னு அம்மா சொல்றாங்க, அட்டை ஊர்ல கிடக்குது. இன்னொண்ணுக்கு 11 மாசம். பென்டாங்கற அஞ்சு நோய்க்கான ஊசி ரெண்டு தடவை போட்டிருக்கு, நிமோனியா ஊசிக் கட்டம் காலி. மூணாவது ரெண்டரை வயசுக் குழந்தை, அதுக்கும் நிமோனியா ஊசி போட்டதா எங்கயும் பதிவில்லை.

பெரியவங்கள்ல 52 வயசு நிட்டிங் ஆபரேட்டர், பத்து வருசமா சர்க்கரை. கோவை கணபதியில இருக்கற எங்க இன்னொரு யூனிட்ல வெல்டிங், வார்ப்பு வேலைக்காரங்க. அப்புறம் தொழிலாளிக வீட்டுப் பெரியவங்க. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்து ஓய்வு பெற்ற 68 வயசு அப்பாரு ஒருத்தர், மூச்சிரைப்பு நோய் இருக்கு. போன மார்ச் 12-ம் தேதி ஒரு கிளினிக்ல "23 வகை" ஊசி மட்டும் போட்டிருக்காங்க.

அரசுல எது இலவசம், எது காசு குடுத்துப் போடணும், ஃபுளு ஊசியோட சேர்த்துப் போடலாமா, கம்பெனியில முகாம் வெச்சா ஊசியைப் பத்திரமா எப்படிக் கொண்டு வர்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கோபி செவிலியர்

குழந்தைங்க விஷயத்தை நான் சொல்றேனுங்க தம்பி.

அரசுல குழந்தைக்கு நிமோனியாவைத் தடுக்கற ஊசி ஒண்ணுன்னு நினைக்கறாங்க. மூணு இருக்குதுங்க. பிசிவிங்கறது நியூமோகாக்கஸ் கிருமிக்கு. பென்டாவுக்குள்ள ஹிப்னு ஒரு கிருமிக்கான மருந்து இருக்கு, அதுவும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் ரெண்டுக்கும் காரணமான கிருமிதான். கக்குவானுக்கும் பென்டாவுலயே இருக்கு. மூணாவது எம்ஆர், தட்டம்மை, ரூபெல்லா ரெண்டுக்குமான ஊசி. தட்டம்மை வந்த குழந்தைய பெரும்பாலும் சாய்க்கறது அம்மை இல்லீங்க, அதுக்குப் பின்னாடியே வர்ற நிமோனியா. அதனால அட்டையப் பார்க்கும்போது பிசிவிக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு மூடிராதீங்க.

தமிழ்நாட்டுல பென்டா 2011 டிசம்பர்ல வந்துச்சு, பிசிவி 2021 ஜூலையில. அதுக்கு முந்திப் பொறந்த அண்ணன் அக்கா அட்டையில பிசிவிக் கட்டமே இருக்காது. அதை வெச்சுக் குழப்பிக்க வேண்டாம்.

பிசிவி மூணு தடவை: 6 வாரம், 14 வாரம், அப்புறம் 9 மாசத்துல பூஸ்டர். பென்டா 6, 10, 14 வாரம். எம்ஆர் 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 முதல் 24 மாசத்துக்குள்ள ஒண்ணு. 10 வாரத்துல பிசிவி கிடையாது. அங்கதான் நிறையப் பேர் தடுமாறுவாங்க. "போன தடவை போட்டாங்க, இந்தத் தடவை விட்டுட்டாங்க"ன்னு சண்டைக்கு வருவாங்க. விடலீங்க, அட்டவணையே அப்படித்தான்.

உங்க நாலு மாசக் குழந்தை: முதல் டோஸ் நிஜமாவே 6 வாரத்துல போட்டிருந்தா இப்ப ரெண்டாவது போடலாம். ரெண்டு பிசிவிக்கு நடுவுல 8 வாரம் இருந்தாப் போதும். 14 வாரம் தாண்டிருச்சேன்னு மறுபடி முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்லை. மூணாவது 9 மாசத்துல. அட்டை ஊர்ல இருந்தா வீட்டுல இருக்கறவங்களை வாட்ஸ்அப்ல ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அரசோட தடுப்பூசிப் பதிவுக்கான யூவின் இணையதளத்துல பதிஞ்சிருந்தா அம்மாவோட கைப்பேசி எண்ணை வெச்சுத் தேடலாம், நர்ஸம்மா பார்த்துச் சொல்லிருவாங்க. ரெண்டும் இல்லீன்னா போடலைன்னே வெச்சுக்கிட்டு இன்னைக்கு முதல் டோஸ், 8 வாரம் கழிச்சு ரெண்டாவது, 9 மாசத்துல பூஸ்டர். ஒரு டோஸ் கூடிப்போச்சுன்னா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஞாபகத்தை நம்பி ஒரு டோஸ் குறைஞ்சாத்தான் பிரச்சனை.

11 மாசக் குழந்தைதானுங்க அவசரம். அரசுத் திட்டத்துல முதல் பிசிவி ஒரு வயசு முடியறதுக்குள்ள போட்டிருக்கணும். ஒண்ணு உள்ள போயிருச்சுன்னா மீதி ரெண்டையும் வயசு தாண்டினாலும் இலவசமாவே போட்டு முடிப்பாங்க. பிறந்தநாள் தாண்டிட்டா அந்த வாசல் அடைபட்டுருது. வர்ற புதன்கிழமையே கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கே பிசிவி முதல் டோஸ், பென்டா மூணாவது, எம்ஆர் முதல் டோஸ், அட்டையில பாக்கி இருக்கற போலியோ எல்லாம் ஒண்ணாப் போடலாம். பென்டாவுக்கு முந்தின டோஸ்ல இருந்து 4 வாரம் ஆகியிருந்தாச் சரி. பிறகு 8 வாரம் விட்டு ஒரு பிசிவி, இன்னொரு 8 வாரம் விட்டுக் கடைசி.

ரெண்டரை வயசுக் குழந்தைக்கு அரசுல பிசிவி கிடையாது. வெளியில 13 வகை பிசிவி (நியூமோகாக்கஸ்ல 13 வகைக்கு எதிரானது) ஒரு டோஸ் போட்டாப் போதும், 5 வயசுக்குள்ள. 12 மாசத்துக்கு மேல 2 வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா வெளியில ரெண்டு டோஸ், 8 வார இடைவெளி. இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, மண்ணீரல் இல்லாத குழந்தைகளுக்குக் கணக்கு வேற, அதை டாக்டர்தான் போட்டுத் தரணும். ஆனா அந்த ரெண்டரை வயசுக்கு எம்ஆர் ரெண்டும், டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும் போட்டிருக்கான்னு பாருங்க. அது பாக்கின்னா இலவசமாவே போட்டுக்கலாம்.

இன்னொண்ணு. வெளி மாநிலத்துக் குழந்தைன்னு யாரும் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பவும் மாட்டாங்க. ஆதாரோ ரேஷன் அட்டையோ ஊசிக்குத் தேவையில்லை. மொத்தமா பத்துப் பதினஞ்சு குழந்தை இருக்குன்னா முன்கூட்டியே உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல பட்டியல் குடுங்க. அன்னைக்கு எத்தனை குப்பி எடுத்துட்டு வரணும்னு அவங்க கணக்குப் போடணுமில்லீங்களா.

---

நொய்யல்கரை, திருப்பூர்

ரொம்ப நன்றிங்க அக்கா. ஒரே நாள்ல மூணு நாலு ஊசின்னா அம்மாக்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. சளி பிடிச்சிருந்தாலே வேண்டாம்னு தூக்கிட்டுப் போயிடறாங்க. காய்ச்சல் வந்தா மறுநாள் லீவு போடணும்ங்கற பயமும் இருக்கு. இதுக்கு என்ன சொல்றது?

---

கோபி செவிலியர்

லீவு பயம் நியாயந்தானுங்க. ஊசி போடற புதன்கிழமையும் மறுநாளும் அந்த அம்மாவுக்குச் சம்பளத்தோட விடுப்பு கிடைக்கறமாதிரி உங்க பக்கத்துல ஏற்பாடு பண்ணுங்க. பாதிப் பிரச்சனை அங்கயே தீர்ந்துரும்.

மூணு ஊசி ஒரே நாள்ல போட்டா உடம்பு தாங்காதுங்கறது சரியில்லை. ஒவ்வொண்ணும் வேற வேற இடம். பென்டா இடது தொடை, பிசிவி வலது தொடை, ரெண்டுமே தொடையோட முன்பக்கம் வெளியோரமா, சதையில. எம்ஆர் வலது மேல்கை. அளவு ஒவ்வொண்ணும் அரை மில்லி. வெளியில எங்கயாவது போட்டா இடுப்புல, புட்டத்துல போட விடாதீங்க. அங்க கொழுப்பு அதிகம், மருந்து சரியா ஏறாது. நரம்புல குத்திருச்சுன்னா காலே இழுத்துக்கும்.

சாதாரணச் சளி, லேசான இருமல், ரெண்டு தடவை தண்ணியாப் போறது, இதெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. கடுமையான காய்ச்சல், மூச்சுத் திணறல், பால் குடிக்காம சோர்ந்து கிடக்கறது இதுக்குத்தான் தள்ளிப்போடணும். அப்பவும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்லை, டாக்டர்கிட்ட. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கும் பொறந்த தேதியில இருந்துதான் வாரக் கணக்கு. எடை ஏறட்டும்னு காத்திருக்க வேண்டாம். அந்தக் குழந்தைக்குத்தான் நிமோனியா முதல்ல பிடிக்கும்.

போட்டு அரைமணி நேரம் அங்கயே உட்காரணும். காய்ச்சல் வந்தா ஒண்ணு ரெண்டு நாள். ஊசிக்கு முந்தியே பாராசிட்டமால் குடுத்து வெக்கறது வேண்டாம், எதிர்ப்புச் சக்தி உருவாகறது கொஞ்சம் குறையுதுன்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. காய்ச்சல் வந்த பிறகு குடுங்க. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். இங்கதான் ஆபத்தான தப்பு நடக்குது. சொட்டு மருந்துல ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புல 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு சிரப்புல 5 மில்லிக்கு 250. அஞ்சு கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்துன்னா அரை மில்லியில இருந்து முக்கால் மில்லி. அதே அம்மா சிரப்பு அளவு ஞாபகத்துல ரெண்டு மில்லி சொட்டு மருந்தை ஊத்திட்டா மூணு நாலு மடங்கு போயிரும். பாட்டிலைக் கிரஷ்ல வெச்சு, அளவை அதும் மேலயே எழுதி ஒட்டுங்க. ஊசி போட்ட இடத்துல ஈரத்துணி வெக்கலாம். எண்ணெய் தேய்க்கறது, பத்துப் போடறது, சூடு ஒத்தடம் வேண்டாம்.

எண்ணெய்ன்னு சொன்னதும் ஒண்ணு. நம்ம பக்கம் குழந்தைக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி ஊத்தும்போது மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதறாங்க, சளி வெளிய வரும்னு. அந்த எண்ணெய் சளியைக் கொண்டு வராது, மூச்சுக்குழல் வழியா நேரா நுரையீரலுக்குப் போய்த் தங்கிரும். அதுல வர்ற நிமோனியாவுக்கு எந்தத் தடுப்பூசியும் இல்லை. கிருமியே இல்லாததால ஆன்டிபயாட்டிக்கும் அதைக் கரைக்காது. பிறந்த குழந்தைய ஊத்திவிட வர்ற ஆத்தாமார்கிட்ட மரியாதையா, ஆனா கண்டிப்பாச் சொல்லிருங்க. மேலுக்குத் தேய்க்கட்டும். மூக்குலயும் வாயிலயும் காதுலயும் விட வேண்டாம்.

கிரஷ் ஆயாவுக்கு மூச்சு எண்ணச் சொல்லிக் குடுங்க. குழந்தை அழாம, பால் குடிக்காம இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போன்ல முழுசா ஒரு நிமிசம் வெச்சு வயித்தைப் பார்த்து எண்ணணும். அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கினா சின்னக் குழந்தைக்குத் தப்பா வரும், அதுக விட்டு விட்டு மூச்சு விடும். ரெண்டு மாசத்துக்குள்ள 60 அல்லது அதுக்கு மேல, 2 மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 40. இருமல், சளியோட இந்த அளவைத் தொட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ நெஞ்சு உள்ள குழிஞ்சாலும், பால் குடிக்க முடியலைன்னாலும், உதடு நீலம் பாய்ஞ்சாலும் எண்ணிட்டு நிக்காதீங்க, 108-க்கு அடிங்க.

---

கோவை நெஞ்சக மருத்துவர்

குழந்தைகள் பகுதியை அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கான நியூமோகாக்கல் ஊசி அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆகவே யாருக்கு முதலில் என்று நீங்கள் பட்டியல் போடுவது சரியான வழி.

கடையில் இரண்டு இனம் கிடைக்கும். ஒன்று கான்ஜுகேட், அதாவது பிசிவி: 13 வகை, 20 வகை என்று எண்ணோடு வரும். மற்றது 23 வகை பாலிசாக்கரைடு. எண் பெரியதாக இருப்பதால் 23 உயர்ந்தது என்று கடைக்காரரே சொல்லக் கேட்டிருக்கலாம். அப்படி இல்லை. இந்தக் கிருமியின் மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு, அந்த உறையின் அமைப்பை வைத்து நூறுக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 23 வகை ஊசியில் அந்த உறை மட்டும் இருக்கிறது. உடம்பு எதிர்ப்பொருளைச் சுரக்கும், ஆனால் நீண்டகால நினைவு உருவாகாது, சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கான்ஜுகேட்டில் அதே உறையை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் நினைவணுக்கள் உருவாகின்றன, அடுத்த முறை கிருமி வந்தால் உடம்பு விரைந்து எழுகிறது.

வரிசை இதிலிருந்துதான் வருகிறது. முதலில் கான்ஜுகேட், பிறகு 23. தலைகீழாகப் போட்டால் 23-க்குப் பின் வரும் கான்ஜுகேட்டுக்கு உடம்பு மந்தமாகவே பதில் சொல்லும். அதனால்தான் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறோம்.

20 வகை கான்ஜுகேட் கிடைத்தால் ஒரே ஊசியோடு முடிந்தது, 23 தேவையில்லை. என் தேர்வு அதுதான். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் இரண்டாவது ஊசிக்கு ஒரு வருடம் கழித்து யாரும் திரும்பி வருவதில்லை என்பதைக் கணக்கில் வையுங்கள். 13 வகைதான் கிடைத்தது என்றால் அதைப் போட்டு, ஒரு வருடம் கழித்து 23 வகை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு, அதாவது டயாலிசிஸ் செய்பவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர், எச்ஐவி உள்ளவர், உறுப்பு மாற்றம் செய்தவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர் ஆகியோருக்கு அந்த ஒரு வருடம் 8 வாரமாகச் சுருங்கும். இவர்களுக்கு 23 வகையை 5 வருடம் கழித்து இன்னொரு முறையும் போடுவோம். விபத்தில் மண்ணீரல் போனவர்களை நம் ஊர் நெடுஞ்சாலைகள் நிறையவே உருவாக்குகின்றன. அறுவைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும் தாளில் தடுப்பூசி என்று ஒரு வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அவசர அறுவை என்றால் 14 நாள் கழித்து, திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 14 நாள் முன்பு. அவர்களுக்கு ஹிப் ஊசியும், மூளைக்காய்ச்சல் கிருமிக்கான மெனிங்கோகாக்கல் ஊசியும் சேரும்.

உங்கள் 52 வயது ஆபரேட்டருக்குச் சர்க்கரை இருப்பதே போதுமான காரணம், 65 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இருதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக, கல்லீரல் நோய், பீடி சிகரெட், தினசரிக் குடி, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அப்படியே. 13-உம் 23-உம் 65-க்கு முன் போட்டவருக்கு 65 தாண்டியபின், முந்தைய 23-இலிருந்து 5 வருடம் ஆகியிருந்தால், 23 வகை இன்னொரு முறை.

வெல்டர்களைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. உலோகப் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நியூமோகாக்கல் நிமோனியா அதிகம் வருகிறது. புகைத்துகள் மூச்சுக்குழல் சுவரை மாற்றுவதால் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பிரிட்டனின் தடுப்பூசிக் கையேட்டில் வெல்டர்களுக்கு நியூமோகாக்கல் ஊசி தனியாகவே பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. கணபதி, பீளமேடு, குறிச்சிப் பட்டறைகளில் இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, வர வேண்டும். ஆனால் ஊசி போட்டாயிற்று என்று புகை உறிஞ்சும் விசிறியை நிறுத்திவிடக் கூடாது. வார்ப்பு மணலின் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் தழும்புக்கோ, நூற்பாலைப் பஞ்சுத் தூசியால் வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சை அடைக்கும் நோய்க்கோ தடுப்பூசி கிடையாது. அங்கே காற்றோட்டமும் முகக்கவசமும்தான். சிலிக்கா தூசி உள்ளவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை, காசநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குழந்தையில் போட்ட பிசிஜி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை.

எவ்வளவு காக்கும் என்பதையும் தொழிலாளர்களிடம் உள்ளபடி சொல்லுங்கள். நெதர்லாந்தில் 65 வயது கடந்த சுமார் 84,500 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 46 சதவீதம் குறைந்தது. ரத்தத்துக்குள் பரவும் கடும் தொற்று 75 சதவீதம் குறைந்தது. நிமோனியாவே வராது என்று வாக்குக் கொடுத்தால், ஊசி போட்ட ஒருவருக்கு வைரஸ் நிமோனியா வந்த அன்று மொத்த முகாமும் நம்பிக்கையை இழந்துவிடும்.

ஃபுளு ஊசி தனி. வருடம் ஒரு முறை. நியூமோகாக்கல் ஊசியோடு ஒரே நாளில், வேறு கையில் போடலாம். ஃபுளு வந்து மூச்சுக்குழல் உட்சுவர் புண்ணான பிறகு, அடுத்த வாரம் நியூமோகாக்கஸ் புகுவதுதான் பெரியவர்கள் ஐசியூவுக்குப் போகும் வழக்கமான பாதை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்குகிறது, எனவே செப்டம்பர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்திலும் போடலாம். பிறக்கும் குழந்தைக்கு 6 மாதம் வரை ஃபுளு ஊசி போட முடியாது, அதுவரை அம்மாவிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்பொருள்தான் காவல். 6 மாதத்துக்கு மேல் 9 வயதுக்குள் முதல் முறை போடும் குழந்தைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ்.

---

ஈரோடு மருந்தகம்

முகாமுக்கு ஊசி கொண்டு வருவது பற்றி.

எல்லாரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். பிசிவியையும் பென்டாவையும் கெடுப்பது அதைவிடக் குளிர்தான். இரண்டிலும் அலுமினிய உப்பு இருக்கிறது, உறைந்தால் அது திரிந்துவிடும். பிறகு உருகி நல்லபடி தெரிந்தாலும் உள்ளே மருந்தில்லை. வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே பெட்டியில் போட்டு அதன்மேல் சிரிஞ்சு அட்டையைச் சாய்த்து வைத்தால் போகிற வழியிலேயே உறைந்துவிடும். ஐஸ்பேக்கை வெளியில் எடுத்து வையுங்கள். மேலே வியர்த்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அதன்பிறகு பெட்டியில் வைத்து, ஊசி அட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, ஐஸ்பேக்கைத் தொடாமல் நடுவில் வைக்கவும். நடுவில் ஒரு தெர்மாமீட்டர். கடைப் பாலித்தீன் பையில் ஐஸ்கட்டியோடு வாங்கி வந்து காலையில் இருந்து மேசையில் வைத்திருக்கும் முகாம் நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது நல்லது.

ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டு வேண்டாம், ஃப்ரீசருக்கு ஒட்டிய மேல்தட்டும் வேண்டாம். நடுத்தட்டு. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

போடும் முன் பாருங்கள். 13 வகை சிரிஞ்சு நின்ற நிலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கினால் ஒரே சீராகக் கலங்கலாகும். திரியோ கட்டியோ கரையாமல் நின்றால் அந்தச் சிரிஞ்சைப் போடக்கூடாது. 23 வகை மாறாகத் தெளிந்த நீராக இருக்கும், அது கலங்கியிருந்தால் வேண்டாம். அரசுக் குப்பிகளின் லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் சரி. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ அந்தக் குப்பி ஆகாது. ஆனால் அது சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

ஃபுளு ஊசி வாங்கும்போது அட்டையில் ஆண்டையும் அரைக்கோளத்தையும் படியுங்கள். தென் அரைக்கோளம் என்றால் ஒரே ஆண்டும், வட அரைக்கோளம் என்றால் இரண்டு ஆண்டுகள் சேர்த்தும் அச்சிட்டிருக்கும். போன பருவத்துச் சரக்கு காலாவதி ஆகாமல் தள்ளுபடியில் கிடைக்கும், வாங்க வேண்டாம். வைரஸ் மாறினால் ஊசியையும் மாற்றுகிறார்கள்.

குழந்தைக்கு வெளியில் பிசிவி வாங்குபவர்கள் கவனிக்க: இந்தியாவில் தயாராகும் 10 வகை ஊசி 2 வயது வரைக்கும்தான். 13 வகை ஊசியில் உள்ள 3, 4, 18சி என்ற மூன்று கிருமி வகைகள் அதில் இல்லை. 10 வகையில் தொடங்கிய குழந்தைக்கு அதையே முடிப்பது நல்லது. கிடைக்காவிட்டால் 13-இல் முடிக்கலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரை ஒவ்வொருவர் அட்டையிலும் ஒட்டுங்கள். வெறும் "நிமோனியா ஊசி" என்று எழுதிய அட்டையை வைத்து அடுத்த டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

---

நாமக்கல் பண்ணை

இடையில ஒரு கேள்விங்க. கோழிப்பண்ணை ஆளுகளுக்கு ஃபுளு ஊசி போட்டா பறவைக் காய்ச்சல் வராதுங்களா? ரத்தம் நீர்க்கற மாத்திரை சாப்பிடற ஒரு மேஸ்திரியும் இருக்காரு, அவருக்குக் கையில குத்தலாமுங்களா?

---

கோவை நெஞ்சக மருத்துவர்

பறவைக் காய்ச்சலை இந்த ஊசி தடுக்காது. இருந்தாலும் பண்ணை ஆட்களுக்குப் போடுவது நல்லதுதான். ஒரே ஆளின் உடம்பில் மனித ஃபுளுவும் பறவை ஃபுளுவும் சேர்ந்து கலக்கும் வாய்ப்பைக் குறைக்கும். பண்ணையில் கோழி கூட்டமாகச் செத்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் எடுக்க வேண்டாம், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

மேஸ்திரிக்குத் தாராளமாகப் போடலாம். மெல்லிய ஊசி, 23 அல்லது 25 கேஜ். குத்திய இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் அண்மையில் பார்த்த ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) அளவு சரியாக இருக்கட்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. முட்டை ஒவ்வாமையும் இப்போது ஃபுளு ஊசிக்குத் தடையில்லை.

---

நொய்யல்கரை, திருப்பூர்

டாக்டருங்க, அந்த 68 வயசு அப்பாருக்கு மட்டும் சொல்லிருங்க. போன மார்ச் 12-ல 23 வகை போட்டாச்சு. இப்ப செப்டம்பர். போன டிசம்பர்ல ஒரு தடவை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியிலயும் இருந்திருக்காரு. "வந்துட்டுப் போனதால இனி வராது, எனக்கு வேண்டாம்"ங்கறாரு.

---

கோவை நெஞ்சக மருத்துவர்

ஒரு முறை வந்தால் அந்த ஒரு வகைக்குத்தான் ஏதோ எதிர்ப்பு, மற்ற வகைகளுக்கு இல்லை. மூச்சிரைப்பு உள்ளவருக்கு ஒரு முறை வந்திருப்பது அடுத்த முறைக்கான எச்சரிக்கை என்று அவரிடம் சொல்லுங்கள்.

கான்ஜுகேட்டை இப்போது போட வேண்டாம். அடுத்த மார்ச் 12 அல்லது அதற்குப் பின். 20 வகை கிடைத்தால் அதோடு முடிந்தது. 13 கிடைத்தாலும் போதும், அவருக்கு 65-க்குப் பிறகே 23 போட்டாகிவிட்டதால் இன்னொரு 23 தேவையில்லை. ஃபுளு ஊசிக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது, இந்த வாரமே போடுங்கள். இன்ஹேலரை அவர் இழுக்கும் முறையையும் ஒரு முறை நேரில் பாருங்கள். பாதிப் பேர் மருந்தை நாக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழல் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.

அந்த வீட்டில் பேரக்குழந்தை இருந்தால் அதன் அட்டையையும் பாருங்கள். பிசிவி போட்ட குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் ஊசியில் உள்ள வகைக் கிருமிகள் தங்குவது குறைகிறது, அதனால் வீட்டுப் பெரியவருக்கு ஒட்டுவதும் குறைகிறது. குழந்தைக்கு 9 மாதப் பூஸ்டர் பாக்கி என்றால், அப்பாருக்கு மார்ச் வரும்வரை அந்தப் பூஸ்டரைப் போட்டு முடிப்பதே அவருக்கும் பாதுகாப்பு.